ஊரகச் சாலைகளின் பராமரிப்பும் உள்ளாட்சி மன்றங்களும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்திருப்பது குடுபல்லி மண்டலம். தமிழக எல்லையும் இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஆகவே தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் இப்பகுதியின் சந்தைகளில் கேட்கலாம். 1864இல் திறக்கப்பெற்ற ஜோலார்பேட்டை–பெங்களூரு இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்து உள்ள நிலையம் குடுபல்லி. வேலை நாடி ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புவோர் இவ்வட்டாரத்தில் பலர். பட்டுப்புழு வளர்ப்பும், பால் உற்பத்தியும், காய்கறிப் பயிரும், கிரானைட் கல்குவாரிகளும் இப்பகுதியின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கின்றன.

இங்குள்ள ஒரு சிற்றூரில் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கூடு கட்டி முடிந்தபின், அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவருமுன் அவர் தம் சரக்கைச் சந்தையில் சேர்த்தாக வேண்டும். அவர் வீட்டு வாயிலிலிருந்து ஊர்க்கோடி வரையுள்ள தெரு கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளது. ஊர்க்கோடியிலிருந்து மண்டலத் தலையிடம் வரையுள்ள இணைப்புச் சாலையைப் பஞ்சாயத்து ராஜ் பொறியியல் துறை கவனிக்கிறது. அதற்கப்பால் உள்ள பெரிய சாலை மாநிலத்தின் சாலைகள், கட்டடங்கள் துறைக்கு உரியது. தேசிய நெடுஞ்சாலையை அடைந்தால் அது மத்திய அரசின் பொறுப்பு. விவசாயிக்கு இது ஒரே பயணம். நிர்வாகத்துக்கோ நான்கு உடைமைகள், நான்கு வரவுசெலவுக் கணக்குகள். இந்நான்கினுள் ஒன்று கெட்டாலும் ஏனைய மூன்றின் பயனும் அவருக்குக் கிட்டாது. அனுபவத்தில் முதலில் கெடுவது எது என்று பார்த்தால், பெரும்பாலும் அது உள்ளாட்சியின் கையில் உள்ள பகுதியாகவே இருக்கிறது.

அவ்வாறு இருப்பதற்குக் காரணம் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களின் அக்கறைக் குறைவு மட்டுமே என்று முடிவு கட்டிவிடலாகாது. சாலைப் பராமரிப்பு என்னும் கடமை ஒரு மன்றத்திடமும், அதற்குரிய வருவாய் வேறோர் இடத்திலும் இருப்பதே சிக்கலின் அடிப்படை. இதனை வரலாறு, பொறியியல், நிதி ஆகிய மூன்று கோணங்களிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலைகளின் வகைப்பாடு

இந்தியச் சாலைகளுக்கு இன்றுள்ள வகைப்பாடு 1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர் மாநாட்டின் விளைவாகும். நாகபுரித் திட்டம் என வழங்கும் அத்திட்டம் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டப் பெருஞ்சாலை, பிற மாவட்டச் சாலை, கிராமச் சாலை என ஐந்து வகைகளை வகுத்தது. முதல் வகை மத்திய அரசுக்கும், அடுத்த இரண்டும் பெரும்பாலும் மாநில அரசுக்கும், இறுதி இரண்டும் பெரும்பாலும் உள்ளாட்சிக்கும் உரியனவாக நடைமுறையில் அமைந்தன.

அளவில் பார்த்தால் இறுதி வகைகளே மிகப் பெரியவை. 2019 மார்ச் 31ஆம் நாள் கணக்குப்படி நாட்டின் மொத்தச் சாலை நீளம் சுமார் 63.3 லட்சம் கிலோமீட்டர். அதில் ஊரகச் சாலைகள் மட்டும் சுமார் 45 லட்சம் கிலோமீட்டர்; அதாவது நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு அவ்வாண்டில் நூற்றுக்கு இரண்டளவே. போக்குவரத்தின் பெரும்பகுதியைத் தேசிய நெடுஞ்சாலைகள் தாங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் அப்போக்குவரத்து தொடங்கும் இடமும் முடியும் இடமும் பெரும்பாலும் சிறு சாலைகளே என்பதை மறத்தலாகாது.

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணை, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள் ஆகியவை அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கும் சாலைகளையும் பாலங்களையும் உரிய பொருளாகக் குறிப்பிட்டது. ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த அதிகாரத்தை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றங்களின் முடிவுக்கே விட்டுள்ளது. பட்டியலில் இடம்பெற்றதனாலேயே சாலையும் பணமும் பணியாளரும் மன்றத்துக்கு வந்துவிடுவதில்லை.

ஆந்திரத்தில் 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டம், ஊருக்குள் அமைந்த பொதுச்சாலைகளையும் சிறுபாலங்களையும் அமைத்துப் பழுதுபார்ப்பதைக் கிராமப் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஊர்களை இணைக்கும் சாலைகள் மண்டல, மாவட்டப் பரிஷத்துகளின் எல்லைக்குள் வருகின்றன. சட்டம் தெளிவாகவே உள்ளது. குறை அதற்குப் பின்னணியாக இருக்க வேண்டிய நிதி ஏற்பாட்டில்தான் உள்ளது.

சாலைத் தீர்வையும் சுங்கமும்

இன்றைய சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பெற்றது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் தோன்றும் வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலால் இப்பகுதி உள்ளாட்சியின் வேர் சென்னை மாகாணச் சட்டங்களிலேயே உள்ளது.

அங்கு உள்ளாட்சி நிதி என்பதே சாலையை முன்னிட்டுத் தோன்றியது எனலாம். 1866ஆம் ஆண்டின் மாவட்டச் சாலைத் தீர்வைச் சட்டம் நிலத்தின்மீது ஒரு தீர்வை விதித்து, அதன் வருவாயைச் சாலைகளுக்கென ஒதுக்கியது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் கல்வி, சுகாதாரம் போன்ற பணிகளையும் சேர்த்துக்கொண்டது. 1882 மே 18இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வெளிவந்தது. அதனையடுத்து 1884ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று அடுக்கு அமைப்பை ஏற்படுத்தியது. மாவட்ட போர்டுகளின் நிலத்தீர்வையோடு சுங்கச்சாவடிகளின் வருவாயும் சாலைகளுக்குப் பயன்பட்டது. வண்டி செல்லும் சாலையில் வண்டிக்காரன் சுங்கம் செலுத்தினான். அச்சுங்கம் அச்சாலையை உடைமையாகக் கொண்ட போர்டின் கணக்கில் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் 'நம்பர் 1 டோல்கேட்' என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர் அக்கால ஏற்பாட்டை நினைவூட்டுகிறது.

தனியே ஒதுக்கப்பட்ட வருவாய் எத்தகைய பணியைச் செய்ய வல்லது என்பதற்குத் தஞ்சாவூர் மாவட்ட போர்டு சிறந்த சான்று. அது இருப்புப்பாதைக்கென நிலத்தின்மீது தனித் தீர்வை விதித்துப் பணம் திரட்டியது. அதனைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தானே ஓர் இருப்புப்பாதையை அமைத்து, 1894இல் போக்குவரத்துக்குத் திறந்தது. பின்னர் அப்பாதை 1903இல் அறந்தாங்கி வரை நீட்டிக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வே வண்டிகளை ஓட்டியது. பாதையின் உடைமை போர்டிடமே இருந்தது. உள்ளாட்சி மன்றம் ஒன்று ரயில்பாதைக்கு உரிமை கொண்டிருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். குறிப்பிட்ட பணிக்கெனக் குறிப்பிட்ட வருவாய் இருந்தமையால்தான் அது இயன்றது.

மோட்டார் வண்டிகள் பெருகியபோது, சாலைதோறும் வண்டியை நிறுத்திச் சுங்கம் கேட்பது வாணிகத்துக்கு இடையூறாயிற்று. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் போர்டுகளின் சுங்கத்தை நீக்கி, மாகாணம் முழுவதற்கும் ஒரே வரியை ஏற்படுத்தியது. இழந்த வருவாய்க்கு ஈடு வழங்கவும் அச்சட்டம் வகைசெய்தது. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பாராட்டும் மரபில் வந்த நமக்குச் சுங்கம் நீங்கியது நன்மையாகவே தோன்றும். பயணிகளுக்கு அது நன்மையே. ஆனால் உள்ளாட்சியின் கணக்கில் ஏற்பட்ட மாறுதலையும் நோக்க வேண்டும். ஈட்டுத்தொகை பழைய சுங்க வருவாயை ஒட்டிக் கணக்கிடப்பட்டது. அதன்பின் வண்டிகள் பல மடங்கு பெருகின. வாகன வரியும் பெருகியது. அவ்வளர்ச்சியின் பெரும்பகுதி மாநிலக் கருவூலத்தில் சேர்ந்தது. சாலையைத் தேய்க்கும் சக்கரங்கள் உள்ளாட்சிச் சாலைகளில் ஓட, அச்சக்கரங்கள் செலுத்தும் வரி உள்ளாட்சிக்கு அதே வேகத்தில் வளரவில்லை. கடமையும் வருவாயும் பிரிந்தது இவ்விடத்தில்தான்.

விடுதலைக்குப் பின்

1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூவடுக்குப் பஞ்சாயத்து அமைப்பைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2இல் இராஜஸ்தானிலும், அடுத்து நவம்பர் 1இல் ஆந்திரத்திலும் அது தொடங்கப்பெற்றது. எண்பதுகளின் நடுவில் ஆந்திரத்தில் பழைய சமிதிகளுக்குப் பதிலாக மண்டலங்கள் வந்தன. மக்கள் அலுவலகத்தை எளிதில் அணுக இயலவேண்டும் என்பதே அதன் நோக்கம். குடுபல்லி போன்ற சிற்றூர்கள் மண்டலத் தலையிடங்களாக உயர்ந்தன. தலையிடத்துக்குச் செல்லும் இணைப்புச் சாலைகளின் தேவையும் அதனோடு உயர்ந்தது.

2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் இத்துறையில் ஒரு திருப்பமாகும். சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப்பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும், இணைப்பற்ற குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பது அதன் முதல் நோக்கம். நாடு முழுவதும் இதுவரை ஏழு லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் இதன்கீழ் அமைக்கப்பெற்றுள்ளன. ஊர்களின் உட்சாலைகளும் மண்சாலைகளும் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்ப் பரவலாகப் போடப்பட்டன. அத்திட்டம் 2006 பிப்ரவரி 2இல் அனந்தப்பூர் மாவட்டத்துப் பண்ட்லபல்லியில் தொடங்கப்பெற்றது. முதற்கட்ட மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று.

புதிய சாலைகள் பெருகியது பெருமைக்குரியது. ஆனால் ஒவ்வொரு புதிய கிலோமீட்டரும் ஒரு புதிய பராமரிப்புப் பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. அமைப்பதற்கான பணம் ஒரு முறை வருகிறது. காப்பதற்கான பணம் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது.

பராமரிப்பு என்பது யாது?

பராமரிப்பு என்றதும் பள்ளத்தில் தார்க்கலவை இட்டு நிரப்புவதே பலர் நினைவுக்கு வரும். உண்மையில் அது பராமரிப்பின் இறுதிப் படி. பொறியாளர் பராமரிப்பை மூவகையாகப் பிரிப்பர்.

முதலாவது வழக்கப் பராமரிப்பு. பக்கக் கால்வாயைத் தூர்வாருதல், சிறுபாலத்தின் வாயில் அடைந்த குப்பையை நீக்குதல், சாலையோர மண்பட்டையைச் செப்பனிடுதல், புதர்களை வெட்டுதல், சிறு குழிகளை அவ்வப்போது அடைத்தல் ஆகியவை இதில் அடங்கும். இதற்கு வேண்டியவை மண்வெட்டி, கடப்பாரை, கூடை, இரண்டு மூன்று ஆட்கள். இரண்டாவது காலமுறைப் பராமரிப்பு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மேற்பரப்பின்மீது புதிய தார் அடுக்கு இடுவது இவ்வகை. மூன்றாவது வெள்ளம், புயல் முதலியவற்றால் நேர்ந்த சேதங்களைச் சீர்செய்யும் அவசரப் பணி.

சாலைக்கு முதற் பகை நீர். சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, இருபுறமும் சரிந்திருக்க வேண்டும் என்பது மழைநீர் தேங்காமைக்காகவே. ஓரத்து மண் சாலையைவிட உயர்ந்துவிட்டால் நீர் வழியின்றிச் சாலையிலேயே நிற்கும். மேற்பரப்பின் வெடிப்புகள் வழியே அது கீழிறங்கி, கப்பி அடுக்கையும் அடிமண்ணையும் இளக்கும். அடிமண் இளகியபின் ஒரு பாரவண்டி ஏறினால் குழி விழும். குழியில் நீர் நிற்கும், குழி விரியும். ஒரு நாள் வேலையில் திறந்துவிடத்தக்க பக்கக் கால்வாயைத் திறவாமையால் ஒரு பருவ மழையில் முழுச் சாலையையும் இழக்க நேரிடுகிறது. ஆதலால் ஊரகச் சாலையைப் பொறுத்தவரை தாருக்கு முன் மண்வெட்டியே முதன்மையானது.

காலமுறைப் பராமரிப்பின் கணக்கையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மண்டலத்தில் 100 கிலோமீட்டர் தார்ச்சாலை உள்ளதாகவும், ஆறாண்டுக்கு ஒரு முறை மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டியுள்ளதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் புதுப்பிக்கப்பட வேண்டும். கிடைக்கும் பணம் 5 கிலோமீட்டருக்கே போதுமாயின், ஒரு சாலைக்கு மறுமுறை வாய்ப்பு வர இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் அச்சாலை பழுதுபார்க்கும் நிலையைக் கடந்து, அடியிலிருந்து மீண்டும் அமைக்க வேண்டிய நிலையை எய்திவிடும். ஆண்டுதோறும் விடுபடும் 12 கிலோமீட்டர் வரவுசெலவுத் திட்டத்தில் சிக்கனமாகத் தோன்றும். உண்மையில் அது பிற்காலத்தின்மீது ஏற்றப்பட்ட கடனேயாகும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. வளரும் நாடுகளின் சாலைகளைப் பற்றி உலக வங்கி 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 85 நாடுகளில் உரிய பராமரிப்பின்மையால் சுமார் 4,500 கோடி டாலர் மதிப்புள்ள சாலைகள் அழிந்தன என்றும், 1,200 கோடி டாலருக்கும் குறைவான தடுப்புப் பராமரிப்பால் அவ்விழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது மதிப்பிட்டது. காலத்தில் செலவிடாத ஒரு ரூபாய்க்காகப் பின்னர் ஏறத்தாழ நான்கு ரூபாய் செலவிட நேரும் என்பதே இதன் பொருள். பயணிகள் அடையும் இழப்பு இக்கணக்கில் சேராது.

அச்சுப் பாரத்தின் விளைவு

நீருக்கு அடுத்த பகை அளவுக்கு மிஞ்சிய பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடத்தப்பெற்ற சாலைச் சோதனை ஓர் அடிப்படை உண்மையை நிலைநாட்டியது. வண்டியின் அச்சு ஒன்றின்மேல் விழும் பாரம் கூடும்போது, சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதாவது அச்சுப் பாரம் இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும். 10 டன் தாங்க வேண்டிய அச்சில் 13 டன் ஏற்றினால் சேதம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இக்கணக்கில் பார்த்தால் மிதிவண்டிகளாலும் இரு சக்கர மோட்டார் வண்டிகளாலும் கார்களாலும் சாலைக்கு நேரும் தேய்மானம் புறக்கணிக்கத்தக்கது.

குப்பம்–குடுபல்லி வட்டாரம் போன்ற கல்குவாரிப் பகுதிகளுக்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும். கிராமச் சாலையின் அடுக்குகள் டிராக்டர், பால்வண்டி, நாளுக்குச் சில முறை வரும் பேருந்து ஆகியவற்றைக் கருதி வகுக்கப்படுபவை. அவற்றின்மேல் பெரும் கற்பாளங்களைச் சுமந்த லாரிகள் ஓடினால் சாலையின் ஆயுள் பல ஆண்டுகள் குறையும். 2018இல் மத்திய அரசு வண்டிகளுக்கு அனுமதித்த அச்சுப் பாரத்தை உயர்த்தியது. நான்கு சக்கரங்கள் கொண்ட தனி அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த எல்லை 11.5 டன்னாயிற்று. சரக்குப் போக்குவரத்தின் செலவைக் குறைக்க இது உதவக்கூடும். எனினும் பழைய கணக்கில் அமைந்த சிறு சாலைகளின்மேல் விழும் கூடுதல் சுமையை ஏற்பது அச்சாலையைக் காக்கும் மன்றமே.

குவாரி வருவாயில் உள்ளாட்சிக்கு வழியே இல்லை என்பதன்று. சிறு கனிமங்களின்மீது மாநிலம் வசூலிக்கும் உரிமத் தொகையில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பங்கு அளிப்பது ஆந்திரத்தில் இருந்துவரும் ஏற்பாடு. 2015இல் செய்யப்பட்ட கனிமச் சட்டத் திருத்தத்தால் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தோன்றின. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அவை செலவிடத்தக்க பணிகளுள் சாலைகளும் அடங்கும். லாரி எந்தச் சாலையைத் தேய்க்கிறதோ அந்தச் சாலைக்கே இவ்வருவாயின் ஒரு பகுதியை முன்கூட்டி ஒதுக்கிவிட்டால், பழைய சுங்கத்தின் நியாயம் சுங்கச்சாவடியின் தொல்லையின்றி நிறைவேறும்.

நிதிக்குழுக்களின் வழி

பராமரிப்பு நிதியின் இன்றியமையாமையைத் தேசிய அளவில் நிதிக்குழுக்கள் உணர்ந்தே வந்துள்ளன. பன்னிரண்டாம் நிதிக்குழு சாலைகள், பாலங்களின் பராமரிப்புக்கென மாநிலங்களுக்கு 15,000 கோடி ரூபாயும், பதின்மூன்றாம் நிதிக்குழு 19,930 கோடி ரூபாயும் தனி மானியமாகப் பரிந்துரைத்தன.

பதினான்காம் நிதிக்குழு 2015–20 காலத்துக்குக் கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய் பரிந்துரைத்தது. குடிநீர், துப்புரவு ஆகியவற்றோடு சாலைகள், நடைபாதைகள், தெருவிளக்குகள் ஆகியவற்றின் பராமரிப்பும் அதன் நோக்கங்களுள் இருந்தது. ஆனால் அம்மானியம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊருக்குள் உள்ள தெருவுக்குப் பணம் கிடைத்தது. ஊர்களை இணைக்கும் சாலையைக் கவனிக்க வேண்டிய மண்டல, மாவட்ட அடுக்குகளுக்கு அதில் பங்கில்லை. ஊருக்குள் சிமெண்டுச் சாலையும் ஊருக்கு வெளியே குழிச்சாலையும் இருக்கும் முரண்பாட்டுக்கு இத்தகைய நிதி ஏற்பாடும் ஒரு காரணமாகும். பதினைந்தாம் நிதிக்குழு இதனை மாற்றி, 2021–26 காலத்துக்கான 2,36,805 கோடி ரூபாயை மூன்று அடுக்குகளுக்கும் பகிர்ந்தது. ஆயினும் அதில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது. எஞ்சிய நாற்பதிலேயே சாலை உட்பட மற்றைத் தேவைகள் அனைத்தும் போட்டியிட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் கேரளத்தின் முறை கருதத்தக்கது. அங்கு உள்ளாட்சிகளுக்கு மாநிலம் வழங்கும் நிதி வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொது நிதி என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பராமரிப்பு நிதியும் சாலைக்குரியது, பிற சொத்துகளுக்குரியது என இருவகைப்படும். மன்றத்தின் சொத்துப் பதிவேட்டில் எத்தனை கிலோமீட்டர் சாலை, எவ்வகையில் உள்ளது என்பது பங்கீட்டுக்கு ஆதாரமாகிறது. பராமரிப்புக்குரிய பணம் புதிய பணிகளுக்குச் சென்றுவிடாமல் தடுக்கப்படுவது இதன் ஒரு பயன். பதிவேடு வைத்திருக்கும் மன்றத்துக்கு அதனால் நேரடி நன்மை உண்டு என்பதால் பதிவேடு ஒழுங்காக வைக்கப்படுவது மற்றொரு பயன்.

பணியாளர் ஏற்பாடு

பணம் இருந்தும் ஆள் இன்றேல் பயனில்லை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையை அமைத்த ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டுகள் அதனைப் பராமரிக்க வேண்டும் என்ற விதி உள்ளது. சாலை அமைக்கும்போதே பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்தது சிறந்த ஏற்பாடு. பின்னாளில் மட்டமான வேலையால் தமக்கே செலவு நேரும் என்று ஒப்பந்தக்காரர் அஞ்சுவர். ஆனால் ஐந்தாண்டு முடிந்தபின் அச்சாலை மாநிலத்தையும் உள்ளாட்சியையும் சார்ந்ததாகிறது. சாலைக்கு முதுமை தொடங்கும் காலமும் அதுவே.

தென் அமெரிக்காவில் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு கவனத்துக்குரியது. கொலம்பியாவில் 1984 முதல் சாலைப் பணியாளர் குழுக்களும், பெரு நாட்டில் 1995இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர் மக்களே சேர்ந்து அமைத்த சிறு நிறுவனங்களும் வழக்கப் பராமரிப்பை ஏற்றன. ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட நீளச் சாலை ஒதுக்கப்படும். கால்வாய் திறந்திருக்கிறதா, குழி இல்லையா என்று பார்த்து மாதந்தோறும் ஊதியம் வழங்கப்படும். வேலை செய்த நாள்களுக்கன்றி, சாலையின் நிலைக்கே ஊதியம் என்பது இதன் சிறப்பு. இந்தியாவிலும் உத்தரகண்டு போன்ற மலை மாநிலங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கிராமச் சாலைகளின் வழக்கப் பராமரிப்பை ஒப்படைக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 'டுவாக்ரா' என்ற பெயரால் இன்றும் அறியப்படும் மகளிர் குழுக்கள் ஊர்தோறும் வேரூன்றிய ஆந்திரத்தில் இம்முறைக்கு நல்ல வாய்ப்புண்டு.

மன்றங்கள் உடனே செய்யத்தக்கவை

நிதி ஏற்பாட்டைத் திருத்துவது மாநில, மத்திய அரசுகளின் பணி. அதற்காகக் காத்திராமல் மன்றங்கள் தாமே தொடங்கத்தக்கவை சில உண்டு.

முதலாவதாக, சாலைப் பதிவேடு. மன்றத்தின் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நீளம், அகலம், மேற்பரப்பின் வகை, சிறுபாலங்களின் எண்ணிக்கை, கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு, உடைமையாளர் யார் என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். எது தம்முடையது என்று அறியாத மன்றம் எதனையும் காக்க இயலாது. இரு துறைகளும் தமக்குரியதன்று என்று விட்டுவிடும் துண்டுச் சாலைகளை வெளிக்கொணர்வதும் இப்பதிவேடே.

இரண்டாவதாக, மழைக்கு முந்திய நடை. ஆண்டுதோறும் மே மாதத்தில் உறுப்பினர்களும் பஞ்சாயத்துச் செயலரும் உதவிப் பொறியாளரும் சாலையின் முழு நீளத்தையும் நடந்து பார்த்தல் வேண்டும். அடைபட்ட சிறுபாலம், மண் மூடிய கால்வாய், சரிந்த ஓரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதல் மழைக்கு முன் சீர்செய்தல் வேண்டும். ஜீப்பில் செல்வோர் கண்ணுக்குக் குழிகள் தெரியும், கால்வாய் தெரிவதில்லை. சாலையை வெட்டிக் குழாய் பதித்தபின் மூடாமல் விட்ட இடங்களும் நடப்பவர்க்கே புலப்படும்.

மூன்றாவதாக, ஒதுக்கீடு. வீட்டுவரி, சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை, சந்தைக் கட்டணம், வண்டிப்பேட்டைக் கட்டணம் ஆகிய சொந்த வருவாயில் ஒரு பகுதியைச் சாலைப் பராமரிப்புக்கென ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்து, அதனை வேறெதற்கும் தொடுவதில்லை என மன்றம் தீர்மானித்தல் வேண்டும். தொகை சிறிதாக இருப்பினும் அது உறுதியானதாக இருத்தலே முக்கியம்.

நான்காவதாக, கிராம சபை. புதிய சாலை கேட்கும் மனுக்கள் கிராம சபையில் குவிகின்றன. பழைய சாலையைக் காக்கக் கோரும் மனு அரிது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. தூர்வாரிய கால்வாய்க்குக் கல்வெட்டு இல்லை. ஆகவே சாலைப் பதிவேட்டையும் மழைக்கு முந்திய நடையின் குறிப்பையும் சபையில் படித்துக் காட்டுதல் நன்று. புதிய பணி ஒன்றைக் கோரும்போது, அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வேண்டும், அது எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் சபை உடன் எழுப்ப வேண்டும்.

ஐந்தாவதாக, சந்திப்பிடங்கள். பஞ்சாயத்துச் சாலை பெரிய சாலையோடு சேருமிடம், இருப்புப்பாதையைக் கடக்குமிடம் ஆகியவை இரு அமைப்புகளின் எல்லைகள் ஆதலால் எளிதில் புறக்கணிக்கப்படுகின்றன. அகலப் பாதையில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டது உயிர்காக்கும் சாதனை. ஆனால் அவற்றுக்கு ஈடாகப் பல ஊர்களில் அமைந்த சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்கினால் ஊர் துண்டிக்கப்படும். நீரை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது என்பதை ரயில்வேயும் மாநிலத் துறையும் உள்ளாட்சியும் மழைக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுதல் நலம்.

முடிவுரை

சாலை கெட்டால் முதலில் நிற்பது பேருந்து. பேருந்து நின்றால் தொலைவில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பெண் குழந்தைகளின் படிப்பு தடைப்படுகிறது, பிரசவ வேதனையில் உள்ள பெண்ணை ஏற்றிச் செல்ல வண்டி வரத் தயங்குகிறது, பால் திரிகிறது, கூட்டுக்கு விலை குறைகிறது. இவ்விழப்புகள் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. அவற்றை ஏற்பவர் ஊர்மக்களே.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நிலப்பகுதியின் உள்ளாட்சி, சாலைக்கென ஒரு தீர்வை, அத்தீர்வைக்கென ஒரு கணக்கு என்ற எளிய கொள்கையில் தொடங்கியது. அக்காலத்து ஆட்சி மக்களாட்சி அன்று. அதனை மீண்டும் விரும்புவார் இலர். ஆனால் கடமையையும் வருவாயையும் ஒரே கையில் வைக்க வேண்டும் என்ற அக்கொள்கை இன்றைய மக்களாட்சி மன்றங்களுக்கு மேலும் பொருந்தும். நாம் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் சாலையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அச்சாலையைக் காக்கும் வழிவகையை அதனிடம் அளித்த பின்னரே அக்கேள்வி முழு நியாயம் பெறும்.

குடுபல்லியின் விவசாயி கடக்கும் நான்கு உடைமைகளும் அவர் கண்ணுக்கு ஒரே சாலையாகத் தோன்றும் நாளே நம் திட்டங்கள் நிறைவேறிய நாள். அதற்கு முதல் வேலை வரும் மழைக்கு முன் அவரது ஊர்க்கோடிச் சிறுபாலத்தின் வாயில் அடைந்துள்ள மண்ணை எடுப்பதாகும்.